குங்குமக் கறையும் கடன் வாங்கிய கண்ணும்

கனடாவின் தேசிய கலைக்கூடத்தில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு வெள்ளித் தகடுகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் எடுத்த டாகுரோடைப் படங்கள். கறுத்து, பூத்து, கீறல் விழுந்து, அவற்றில் மனித உருவம் இருக்கிறதா என்பதே தெரியாத நிலை. வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த மதலேனா கோசாச்சுக்கும் அவருடைய குழுவினரும் அந்தத் தகடுகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலுள்ள சிங்க்ரோட்ரானில், அதாவது வலுவான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் பெரிய இயந்திரத்தில், வைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றையைத் தகட்டின் மேல் வரிவரியாக ஓட்டினார்கள். ஒரு தகட்டுக்குச் சுமார் 8 மணி நேரம் பிடித்தது. எந்தெந்த இடத்தில் பாதரசம் இருக்கிறது என்பதை மட்டும் தனியே வரைந்து பார்த்தபோது ஒன்றில் ஒரு பெண்ணும், மற்றொன்றில் ஓர் ஆணும் முழுசாகத் தெரிந்தார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் முகம் தெளிவு. 2018இல் இந்த ஆய்வு வெளியானது.

1839இல் பிரான்சில் அறிவிக்கப்பட்ட முறை டாகுரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து வெளிச்சம் படவிட்டு, பிறகு பாதரச ஆவியில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடங்களில் பாதரசம் வெள்ளியோடு கலந்து நுண்துகள்களாகப் படியும். அந்தத் துகள்கள்தான் படம். ஒன்றரை நூற்றாண்டுக் காற்று தகட்டின் மேற்பரப்பைக் கறுக்க வைத்ததே தவிர, அடியிலிருந்த பாதரசத்தை அசைக்கவில்லை. கண்ணுக்குச் செத்துப்போன படம் எக்ஸ் கதிருக்கு உயிரோடு இருந்தது.

இங்கே கணினி எதையும் சொந்தமாக இட்டுக்கட்டவில்லை. இருந்ததைத்தான் எடுத்துக் காட்டியது. பழைய படத்தைப் புதுசாக்கித் தருகிறோம் என்று சொல்லும் கடையிடமோ கைபேசிச் செயலியிடமோ நாம் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. புதிதாக வந்திருக்கும் இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது? படத்துக்குள்ளேயே மறைந்து கிடந்ததா? பக்கத்துப் புள்ளியைப் பார்த்து எழுதியதா? அல்லது யாரோ முன்பின் தெரியாதவர் முகத்திலிருந்து எடுத்து ஒட்டியதா? மூன்றுக்கும் நம் ஊரில் ஒரே பெயர்தான்: டச்சப்.

நம் வீட்டுப் படங்களுக்கு சிங்க்ரோட்ரான் தேவையில்லை. அவை வேறு பொருளால் ஆனவை. அடியில் காகிதம். அதன்மேல் பேரியம் சல்பேட் கலந்த வெள்ளைப் பூச்சு. அதற்கும் மேலே ஜெலட்டின், அதாவது மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் புரதம். அந்தப் புரதப் படலத்துக்குள் சிக்கிக் கிடக்கும் வெள்ளித் துகள்கள்தான் தாத்தாவின் மீசை. இன்னும் பழைய படமென்றால் ஜெலட்டினுக்குப் பதில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கும். 1850இல் பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய அந்த முறைதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பகுதி உலகத்தை ஆண்டது. வெள்ளைக்கருவாக இருந்தாலும் ஜெலட்டினாக இருந்தாலும் இரண்டும் சாப்பாடு. பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அதில் கலைப் பார்வை எதுவும் கிடையாது.

கடலோர ஈரக்காற்றில் ஜெலட்டின் ஊதி, இளகி, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம் வீடுகளில் சுவரில் தொங்கிய படங்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்: கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் பட்ட தீவுகள் போலப் பளபளப்பான திட்டுகள். பிரித்தெடுக்கப் போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும், காகிதம் மட்டும் கையில் மிஞ்சும். இப்படிப்பட்ட படத்தைப் பிரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படமெடுக்க வேண்டும்.

வெள்ளியும் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள மாசுகளால் ஆக்சிஜனேற்றம் அடைந்து அயனியாக மாறி, ஜெலட்டின் வழியே மேலேறி, மேற்பரப்பில் மறுபடி வெள்ளியாகப் படிகிறது. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் இருட்டான பகுதிகளில் நீலம் ஓடிய கண்ணாடிப் பளபளப்பு தெரிவது அதனால்தான். டார்க் ரூமில் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தும் ஹைப்போ கரைசலைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் இன்னொரு கேடு. எஞ்சிய ஹைப்போவின் கந்தகம் வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்பைடாக்கும். படம் மஞ்சளித்து வெளிறும்.

கலர் படத்தில் இறுதியில் வெள்ளியே இருப்பதில்லை. அதை வெளுத்துக் கழுவிவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று சாயங்கள்: சயான் என்னும் பச்சை கலந்த நீலம், மஜெந்தா, மஞ்சள். 1970களின் பிரிண்டுகளில் சயான் சாயம்தான் நோஞ்சான். ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் தானாகச் சிதையும். சயானின் வேலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்குவது. விழுங்க ஆளில்லாமல் போனதும் சிவப்பு மேலோங்கி, அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பம் முழுக்கச் செங்காவியில் முக்கி எடுத்தது போல ஆகிவிடுகிறது. சுவரில் வெயில் பட்ட படத்தின் கதை வேறு. அதில் பெரும்பாலும் மஜெந்தா முதலில் போகும். ஒரே நெகட்டிவிலிருந்து போட்ட இரண்டு பிரிண்டுகள் ஒன்று பீரோவிலும் ஒன்று கூடத்திலும் இருந்து இரண்டு வேறு நிறமாக வந்து சேர்வதற்கு இதுவே காரணம்.

இப்போது ஸ்கேனருக்கு வருவோம். உண்மையான மீட்பு நடக்கிற இடம் இதுதான் என்பது என் கட்சி. ஆனால் கடைகளில் இதற்கு அரை நிமிடம்தான் கொடுக்கிறார்கள்.

வெளிறிய படத்தில் கறுப்பும் கறுப்பாக இல்லை, வெள்ளையும் வெள்ளையாக இல்லை. எல்லாம் நடுவில் ஒரு சாம்பல் பட்டையில் நெருக்கிக் கிடக்கும். சாதாரண 8 பிட் ஸ்கேனில் இருளிலிருந்து வெளிச்சம் வரை மொத்தம் 256 படிகள். வெளிறிய படம் அதில் 70 படிகளைத்தான் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 70ஐ இழுத்து 256 ஆக்கினால் இடையிடையே ஓட்டை விழும்; கன்னத்தில் மெதுவாக மாற வேண்டிய நிழல் பட்டை பட்டையாக உடையும். 16 பிட்டில் ஸ்கேன் செய்தால் மொத்தப் படிகள் 65,536. அதே குறுகிய பட்டைக்குள் சுமார் 18,000 படிகள் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் கன்னம் கன்னமாகவே இருக்கும். கண் பார்க்கத் தவறிய வேறுபாட்டை எண் பார்த்து வைத்திருக்கிறது. 600 டிபிஐ, 16 பிட், டிஃப் கோப்பு என்று கடையில் கேட்டால் கொஞ்சம் முறைப்பார்கள்; பரவாயில்லை.

இன்னொரு விஷயம். படம் கறுப்பு வெள்ளையாகவே இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். இதன் அருமை குங்குமத்தில் தெரியும். இறந்தவர் படத்துக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம். கண்ணாடி மேல் வைத்த குங்குமம் வருடக்கணக்கில் உதிர்ந்து, சட்டத்தின் இடுக்கு வழியே இறங்கி, மழைக்காலச் சுவரின் ஈரத்தில் கரைந்து, படத்துக்குள் ஊறிவிடும். கண்ணால் பார்த்தால் பாட்டியின் பாதி முகம் போய்விட்டது.

கலர் ஸ்கேன் என்பது உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்: சிவப்பு வெளிச்சத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. ஃபோட்டோஷாப்பில் இவற்றைத் தனித்தனிச் சேனல்களாகத் திறந்து பார்க்கலாம். நீலச் சேனலைத் திறந்தால் கன்னத்தில் கரும்பள்ளம். பச்சையிலும் அப்படியே. சிவப்புச் சேனலைத் திறந்தால் கறை ஏறக்குறையக் காணாமல் போய், அதன் அடியிலிருந்த மூக்குத்தி வரை தெரியும். சிவப்புச் சாயம் சிவப்பு வெளிச்சத்தைத் தடுப்பதில்லை, அவ்வளவுதான் சூட்சுமம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு சேனல் போதும் என்பதால் மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாம். பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். கரையாமல் பொடியாகவே ஒட்டியிருக்கும் குங்குமத்துக்கு இது முழுசாகப் பலிக்காது. கறுத்த தலைமுடி மேல் அது வெளுத்த திட்டாகத் தெரியும். மஞ்சளித்து மங்கிய படத்துக்கோ விதி தலைகீழ்: மஞ்சள் நீல வெளிச்சத்தை விழுங்குவதால், மங்கிப்போன உருவம் நீலச் சேனலில்தான் அழுத்தமாக இருக்கும். மங்கலும் குங்குமமும் சேர்ந்து வந்த படத்தில் எந்த இடத்துக்கு எந்தச் சேனல் என்று பார்த்துப் பார்த்துக் கோப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும்.

ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களில் மதிப்பாக விற்ற சில்க் பேப்பர் இன்று ஸ்கேனருக்குப் பெரிய தலைவலி. அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஸ்கேனரின் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் வீசி, முகத்தில் தேன்கூட்டு வலை விழும். ஒரு முறை ஸ்கேன் செய்து, படத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை செய்து, இரண்டையும் பொருத்திச் சராசரி எடுத்தால் நிழல்கள் எதிரெதிரே விழுந்திருப்பதால் பெருமளவு கழிந்துவிடும். மிச்சத்துக்குக் கணிதவியலாளர் ஃபூரியே இருக்கிறார். வெப்பம் பரவுவதைப் பற்றி 1822இல் அவர் எழுதிய கணிதத்தின்படி எந்தப் படத்தையும் அலைகளாகப் பிரித்து எழுதலாம். ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் வலை, அந்த அலைகளின் வரைபடத்தில் சில வெள்ளைப் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். புள்ளிகளை அழித்து அலைகளைத் திரும்பச் சேர்த்தால் வலை போயிருக்கும், முகம் இருக்கும்.

ஃபிலிம் நெகட்டிவுக்கென்று இருக்கும் ஸ்கேனர்கள் பலவற்றில் அகச்சிவப்பு வெளிச்சமும் உண்டு. கலர் ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுக்காமல் விட்டுவிடும். தூசியும் கீறலும் தடுக்கும். ஆக அகச்சிவப்புப் படத்தில் தூசி மட்டும் தனியே விழும், எங்கே துடைக்க வேண்டும் என்று மென்பொருளுக்குப் புள்ளி போட்டுக் கொடுத்தது மாதிரி. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் மட்டும் இது செல்லாது. அங்கே படமே வெள்ளிதான், வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். மென்பொருள் தாத்தாவையே தூசி என்று எண்ணிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிழிசல், மடிப்பு, பூச்சி அரித்த ஓட்டை இருக்கும். அங்கே வெள்ளியும் இல்லை, சாயமும் இல்லை, எந்தச் சேனலிலும் எதுவும் இல்லை. இனிமேல் ஊகம்தான்.

2000இல் பெர்டால்மியோ, சபீரோ, காசெல்லஸ், பாயெஸ்டெர் ஆகிய ஆய்வாளர்கள் நால்வர் ஒரு வழி சொன்னார்கள். ஓவியங்களைப் பழுதுபார்க்கும் மினியாபொலிஸ் அருங்காட்சியக வல்லுநர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதைச் சமன்பாடாக்கினார்கள். கோலத்தின் நடுவில் ஒரு பகுதி அழிந்துவிட்டால், அழிந்த இடத்தின் விளிம்பில் வந்து முட்டி நிற்கும் இழைகள் எந்தச் சாய்வில் வருகின்றன என்று பார்த்து உள்ளே இழுத்துச் சேர்ப்போம் இல்லையா, ஏறக்குறைய அதுதான். ஒரே அளவு வெளிச்சமுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடுகள் ஓட்டையின் கரையில் எந்தத் திசையில் வருகின்றனவோ அதே திசையில் உள்ளே நீட்டப்படும். அடுத்த ஆண்டு, கணிதவியலாளர் ஆண்ட்ரியா பெர்டோசி சேர்ந்த குழு, இந்தச் சமன்பாடு திரவங்களின் ஓட்டத்துக்கான நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாட்டோடு உறவுள்ளது என்று காட்டியது. தண்ணீர் ஓடுவதற்கான கணக்கை வைத்துச் சித்தப்பாவின் சட்டைக் காலரை இணைக்கலாம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு குறும்பான மகிழ்ச்சி.

மெல்லிய விரிசலுக்கு இது அருமை. அகன்ற ஓட்டையில் குழைத்துப் பூசிய சுண்ணாம்பு மாதிரி வழவழத்துவிடும். கோடு நீளும், ஆனால் சேலையின் நெசவு, சுவரின் சொரசொரப்பு எல்லாம் கோடல்ல. அவற்றுக்குப் படத்தின் வேறு இடத்திலிருந்து துண்டு எடுத்து ஒட்ட வேண்டும். தாமஸ் நால், ஜான் நால் சகோதரர்கள் உருவாக்கி 1990இல் விற்பனைக்கு வந்த ஃபோட்டோஷாப்பின் ரப்பர் ஸ்டாம்ப் கருவி அதைக் கையால் செய்தது. 2002இல் வந்த ஹீலிங் பிரஷ், துண்டின் வெளிச்ச அளவை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் கொண்டுவந்து, ஒட்டும் இடத்தின் வெளிச்சத்தோடு கலந்தது, ஒட்டுத்தெரியாத ஒட்டு. 2010இல் ஃபோட்டோஷாப்பே படம் முழுக்கத் தேடிப் பொருத்தமான துண்டுகளை ஓட்டையில் இட்டு நிரப்பத் தொடங்கியது. இதுவரை வந்த எல்லா உத்திகளுக்கும் ஒரு நேர்மை உண்டு. கடன் வாங்கியது அதே படத்திலிருந்து. மதுரையில் எடுத்த படத்தின் திரைச்சீலை ஓட்டையில் அதே திரைச்சீலையின் துணிதான் போகும்.

மடிப்பு கண்ணின் மேல் விழுந்தால் இந்த நேர்மை தடுமாறும். பக்கத்துத் தோலைப் பார்த்துக் கண்ணை ஊகிக்க முடியாது. மறு கண்ணை எடுத்துத் திருப்பி ஒட்டுவது சுலபமான வழி. ஆனால் ஸ்டூடியோ விளக்கு ஒரு பக்கமிருந்து அடித்திருக்கும். இரண்டு கருவிழிகளிலும் அதன் வெள்ளைப் புள்ளி ஒரே பக்கம்தான் விழும். திருப்பி ஒட்டிய கண்ணில் புள்ளி எதிர்ப்பக்கம் போய், பார்ப்பவருக்கு ஏனென்று தெரியாமலே அந்த முகம் உறுத்தும். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. நல்ல கைகாரர் அதே ஆளின் அதே வயதுப் படம் வேறு ஏதும் வீட்டில் உண்டா என்று கேட்பார். ரேஷன் கார்டு, பள்ளிக் குழுப்படம், எதுவானாலும் சரி.

செயலிகள் கேட்பதில்லை. அவற்றிடம் ஏற்கெனவே முகங்கள் இருக்கின்றன. என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் உள்ளன. 2021இல் டென்சென்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டு, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவிய ஜிஎஃப்பி-கேன் என்ற முகச் சீரமைப்பு நிரல் அந்த முகங்களைப் பார்த்துப் பழகியதுதான். மங்கிய முகம் ஒன்றைக் கொடுத்தால், தான் பழகிய முகங்களின் சாயலில் இமை மயிரும் பல்வரிசையும் எழுதித் தருகிறது. கொடைக்கானல் ஏரிக்கரையில் 1962இல் நின்ற அத்தையின் கண்ணில் இந்த நூற்றாண்டின் இணையத்துக் கண் வந்து உட்காருகிறது. நம்பும்படியாகவும் இருக்கிறது. அதுதான் சிக்கலே.

எவ்வளவு இட்டுக்கட்டப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட பல்ஸ் என்ற நிரல் 16க்கு 16 புள்ளிகள் கொண்ட முகத்தை 1024க்கு 1024 ஆக்கியது. ஒரு புள்ளி இருந்த இடத்தில் 4,096 புள்ளிகள். மூலத்திலிருந்து வந்த தகவல் ஒன்று, மீதி எல்லாம் நிரலின் சொந்தச் சரக்கு. அந்தச் சின்னப் படத்துக்குச் சுருங்கக்கூடிய பெரிய முகங்கள் எண்ணற்றவை. நிரல் தனக்குப் பழக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். யாரோ ஒருவர் பராக் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்துப் பார்த்தார். வந்தது ஒரு வெள்ளைக்கார ஆணின் முகம். பெரிய சண்டையாகிப் போன அந்தச் சம்பவத்தில் நிரல் தன் விதிப்படி தவறே செய்யவில்லை. வந்த முகத்தைச் சுருக்கினால் கொடுத்த படம்தான் கிடைக்கும்.

இதை நம் வீட்டுப் படங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். பாம்படம் போட்டு வளர்ந்து தோள் வரை தொங்கும் காது, ஃப்ளிக்கரின் 70,000 முகங்களில் எத்தனை இருந்திருக்கும்? இரட்டை மூக்குத்தி? 1970களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் பெரியம்மை இருந்தது. அந்தத் தலைமுறையில் பலர் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. தூசி நீக்கும் நிரலுக்குத் தழும்பும் மச்சமும் பூஞ்சைப் புள்ளியும் ஒன்றே. குழுப்படத்தின் முன்வரிசையில் வைத்த பலகையில் ஊரும் ஆண்டும் தமிழில் எழுதியிருந்தால், கூர்மையாக்கும் நிரல் அதைத் தமிழ் மாதிரி தெரியும், ஆனால் எந்த மொழியுமல்லாத கிறுக்கலாக மாற்றிவிடும். அந்தப் படத்தின் ஒரே ஆதாரம் அந்தப் பலகையாகவே இருக்கக்கூடும்.

அம்மைத் தழும்பை எடுத்ததில் செயலி முதல் ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெகட்டிவைச் சாய்மேசையில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளங்களை நிரவுவது ஸ்டூடியோக்காரர்களின் அன்றாட வேலை. ஃபோட்டோ லேபில் இன்றும் கேட்கலாம்: "அண்ணே, அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை போட்டு விடுங்க." "தம்பி, கண்ணு மட்டும் கொஞ்சம் திறந்த மாதிரி வேணும்." ஒருபோதும் சேர்ந்து படமெடுத்துக்கொள்ளாத தாத்தாவையும் பாட்டியையும், அவர் முப்பதிலும் இவர் அறுபதிலும் எடுத்த தனித்தனிப் படங்களிலிருந்து ஒட்டி ஜோடியாக்கி, நடுவில் பூச்சாடி வைத்து மாட்டிய வீடுகள் எத்தனையோ. இதை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டவருக்குத் தெரியும், செய்தவருக்குத் தெரியும், திதிக்கு வந்து கும்பிடுகிற எல்லாருக்கும் தெரியும். செயலி செய்யும்போது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. அது மாற்றியதை "தெளிவாக்கியது" என்றே நினைத்துக்கொள்கிறோம்.

வண்ணம் பூசுவதில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். ஆரம்ப காலப் புகைப்படத் தகடுகளுக்கு நீலம் மட்டுமே தெரியும். 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் பச்சையையும் பார்க்க வைக்கலாம் என்று கண்டார். அப்படி வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழங்கின. சிவப்பு அவற்றுக்கு இருட்டு. அரக்குச் சேலையும் கறுப்புச் சேலையும் அவற்றில் ஒரே நிறம். நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகத் தெரியும். மாநிறத் தோல் எதிரொளிப்பதில் சிவப்பின் பங்கு அதிகம் என்பதால், மாநிறக்காரர் நேரில் இருந்ததைவிட ஒரு படி கறுத்தே பதிவாவார். இந்தச் சாம்பல் அளவை நம்பி நிரல் நிறம் தீட்டுகிறது. பாரதியாரின் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, எல்லாமே கறுப்பு வெள்ளை. வண்ணம் பூசிய பாரதி சமூக ஊடகங்களில் அடிக்கடி வருகிறார். அவர் முகத்தின் நிறமும் கோட்டின் நிறமும் படத்திலிருந்து வந்தவை அல்ல. படத்தில் அந்தத் தகவலே கிடையாது.

நிறம் உண்மையிலேயே பதிவான பழைய படங்களும் உண்டு. 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசைச் சுற்றிய புரோகூதின் கோர்ஸ்கி, ஒரே கண்ணாடித் தகட்டில் நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். அந்தத் தகடுகளை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1948இல் வாங்கியது. 2000 வாக்கில் கணினியில் மூன்றையும் பொருத்தியபோது 1911இன் புகாரா அமீர் நீலப் பட்டங்கியில் வந்து அமர்ந்தார். அந்த நீலம் யாரும் ஊகித்ததல்ல, அளந்தது. இதற்குச் சாட்சி படத்திலேயே இருக்கிறது: மூன்று படங்களுக்கு நடுவே அசைந்த ஆற்று நீரிலும் தலையைத் திருப்பிய குழந்தையிடத்திலும் வானவில் கீற்றுகள் தெரியும்.

ஊகம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஏப்ரலில் ஒரு சாட்சி கிடைத்தது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் எஸ்-21 சிறையில், கொல்லப்படுவதற்கு முன் கைதிகளை நிறுத்தி எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அவற்றுக்கு வண்ணம் தீட்டிய ஒரு கலைஞரின் படங்களை வைஸ் இதழ் வெளியிட்டது. மூலப் படங்களோடு ஒப்பிட்டவர்கள் அதிர்ந்தார்கள்: சில முகங்களில் புதிதாகப் புன்னகை இருந்தது. கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது. இதழ் படங்களை நீக்கியது.

ஓவியச் சீரமைப்புத் துறை இந்த வழக்கை முன்பே விசாரித்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. 1940களில் ரோமின் மத்திய சீரமைப்பு நிறுவனத்தில் செசாரே பிராந்தி வகுத்த முறைக்குத் திராத்தேஜ்ஜோ என்று பெயர். சுவரோவியத்தில் உதிர்ந்த பகுதியை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுசாகத் தெரியும். கிட்டப் போனால் கோடுகள் காட்டிக்கொடுக்கும்: இது எங்கள் கை, மூல ஓவியரின் கை அல்ல. கணினியில் இதைவிடச் சுலபமான வழி இருந்தும் பலர் செய்வதில்லை. திருத்தங்களைத் தனி லேயரில் வைத்தால் போதும். தட்டினால் மறையும், தட்டினால் வரும். கடையில் வேலை முடிந்ததும் ஜேபெக் மட்டும் வாங்கி வராமல் மூன்று கோப்புகள் கேளுங்கள்: கைபடாத ஸ்கேன், லேயரோடு உள்ள கோப்பு, மாட்டிக்கொள்ள பிரிண்ட். செயலியைப் பயன்படுத்தினால் அது தந்த படத்தின் பெயரிலேயே அதைக் குறித்துவையுங்கள். இன்னும் இரண்டு தலைமுறை கழித்து எது மூலம் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பென்சிலில் எழுதிய தேதி, மாமாவின் கையெழுத்து, ஸ்டூடியோவின் முத்திரை, சில சமயம் நெகட்டிவ் எண். இந்தக் கடைசி இரண்டும் முக்கியம். பழைய ஸ்டூடியோக்கள் பல மூடிவிட்டன. நெகட்டிவ்கள் வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் எடைக்குப் போனதும் உண்டு. ஆனாலும் பரணில் பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு, இப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களைத் தேடிப்போய் அவற்றின் படங்களையும் நெகட்டிவ்களையும் கணினியில் ஏற்றியிருக்கிறது. பிரிண்ட் வெயிலில் தொங்கியது, பொட்டு வாங்கியது, கண்ணாடியில் ஒட்டியது. நெகட்டிவ் உறைக்குள் இருட்டில் கிடந்தது, பிரிண்டில் ஏறாத நுணுக்கமும் அதில் இருக்கும். அது கிடைத்துவிட்டால் மேலே சொன்ன வித்தைகளில் முக்கால்வாசிக்கு வேலையே இல்லை. முத்திரையிலுள்ள பெயரையும் ஊரையும் வைத்து, அந்தத் தெருவில் இன்று யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். செயலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.